நிலவறையில் இருப்பவர்கள்

அன்பார்ந்த நேயர்களே, வணக்கம்.

தொலைக்காட்சித் தொடர் ஒன்றைப் பற்றிப் பேச வரும்படி நிலையத்தார் கேட்டபோது, முப்பது ஆண்டுகள் தமிழ் படிப்பித்து ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியைக்கு அதில் என்ன தகுதி இருக்கிறது என்று சற்றுத் தயங்கினேன். பார்வையாளராக மட்டும் பேசினால் போதும் என்றார்கள். அந்தத் தகுதி எனக்குத் தாராளமாக உண்டு. சென்ற மாதம் பெய்த ஓயாத மழையில், வெளியே கால் வைக்க முடியாத மாலைப் பொழுதுகளில், என் அக்காவும் நானும் பேத்தியின் மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு பேய்த் தொடரை முழுவதுமாகப் பார்த்து முடித்தோம். 'கோஸ்ட்ஸ்' என்பது அதன் பெயர். 2019ஆம் ஆண்டு ஏப்ரலில் பிபிசி தொலைக்காட்சியில் தொடங்கி 2023ஆம் ஆண்டு நத்தாரோடு நிறைவடைந்த அந்தத் தொடரை, அறிவிப்பாளர் சற்றுமுன் புதிய தொடர் என்று அறிமுகம் செய்தார். உலகத்துக்கு அது பழையதாக இருக்கலாம். எங்கள் மலையகத் தேயிலைத் தோட்டத்துக்கு இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது. ஆகையால் நானும் புதியது என்றே வைத்துக்கொள்கிறேன்.

கதை எளிமையானது. அலிசன், மைக் என்ற இளம் தம்பதியருக்கு, முகம் தெரியாத தூரத்து உறவினர் ஒருவரின் மரணத்தால், பட்டன் ஹவுஸ் என்ற பாழடைந்த மாளிகை சொத்தாகக் கிடைக்கிறது. அதை விருந்தினர் விடுதியாக்கிப் பிழைக்கலாம் என்று வந்து குடியேறுகிறார்கள். அங்கே பல நூற்றாண்டுகளாக இறந்தவர்கள் ஏற்கெனவே குடியிருக்கிறார்கள் என்பதும், விடுதித் திட்டம் அவர்களுக்கு அறவே பிடிக்கவில்லை என்பதும் இவர்களுக்குத் தெரியாது. அலிசன் மாடிச் சன்னலிலிருந்து விழுந்து, நினைவிழந்து கிடந்து எழுந்த பிறகு அவள் கண்ணுக்கு மட்டும் அந்த ஆவிகள் தெரியத் தொடங்குகின்றன. மைக்குக்குக் கடைசிவரை எதுவும் தெரிவதில்லை. வெற்று நாற்காலியைப் பார்த்து மரியாதையாக வணக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

ஆவிகளுக்கு அந்தத் தொடரில் சில சட்டங்கள் உண்டு. இறந்த கணத்தில் உடுத்தியிருந்த உடையை மாற்ற முடியாது; வளவின் எல்லையைத் தாண்ட முடியாது; பொதுவாக எந்தப் பொருளையும் தொட முடியாது. கால்சட்டை இல்லாத நிலையில் இறந்துபோன நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் கால்சட்டை இல்லாமலேயே அரசியல் பேசித் திரிகிறார். சாரணர் தலைவரின் கழுத்தில், அவர் உயிரைக் குடித்த அம்பு அப்படியே குத்தி நிற்கிறது. தலை துண்டிக்கப்பட்ட பிரபுவின் உடல் ஒருபுறம் அலைய, தலை இன்னொரு புறம் கிடந்து, தன்னைத் தூக்கிவிட யாராவது வருவார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. கற்காலத்து மனிதன் ஒருவன் மின்விளக்கை மினுங்க வைக்கும் வித்தை கற்றிருக்கிறான். கணவரால் சன்னலிலிருந்து தள்ளிவிடப்பட்ட சீமாட்டி ஒவ்வோர் இரவும் அதே நேரத்தில் அதே அலறலோடு விழுகிறார். மற்ற ஆவிகளுக்கு அந்த அலறல் பக்கத்து லயத்து வீட்டுச் சேவல் கூவுவதைப் போலத்தான், தூக்கத்தைக் கெடுக்கும் ஒரு தொல்லை.

இந்தத் தொடரின் சிரிப்பு எங்கிருந்து பிறக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். பயத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. செத்த பிறகும் தீராத சலிப்பும், ஒரே கூரையின் கீழ் ஒருவரையொருவர் நூற்றாண்டுக் கணக்கில் சகித்துக்கொள்ள வேண்டிய கட்டாயமுமே அதன் ஊற்று. தொலைக்காட்சியைப் போட்டுவிடு என்றும் புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டிவிடு என்றும் அலிசனை அந்த ஆவிகள் நச்சரிப்பதைப் பார்க்கும்போது, பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிராவில் மூன்று தலைமுறை சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு விளக்கவுரை தேவைப்படாது. அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. நான் இடையிடையே சொல்லிக்கொண்டு வந்தேன். பாதி இடங்களில் நான் சொல்வதற்கு முன்பே அவர் சிரித்துவிட்டார்.

நம்முடைய சினிமாவில் வெள்ளைச் சேலையும் கொலுசுச் சத்தமும் போதும் என்று நினைக்கிறார்கள். அதைப் பற்றி அதிகம் பேச விருப்பமில்லை. ஆனால் பேயைப் பார்த்துச் சிரிப்பது நமக்குப் புதிய பழக்கம் அல்ல. தோட்டத்தில் பேய் பிடித்தவளுக்குக் கோடாங்கி உடுக்கடித்துக் கேட்பதை நினைத்துப் பாருங்கள். நீ யார், எந்த ஊர், எப்படிச் செத்தாய், என்ன வேண்டும் என்று வரிசையாகக் கேள்விகள் வரும். பேயும் விடாமல் பேரம் பேசும்: கோழி வேண்டும், சுருட்டு வேண்டும், சாராயம் வேண்டும். அன்றிரவு நடுங்கிக்கொண்டு கேட்ட அதே சனங்கள், மறுநாள் கொழுந்து மலையில் அந்தப் பேச்சை அப்படியே நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள். இறந்தவருக்கும் ஓர் ஊரும் பெயரும் ஆசையும் இருக்க வேண்டும் என்று அந்தச் சடங்கு நம்புகிறது. இங்கிலாந்தின் தொடரும் அதே நம்பிக்கையில்தான் நிற்கிறது.

பங்களாவுக்குள் இருக்கும் பேய்களும் நமக்குத் தெரியாதவை அல்ல. எங்கள் தோட்டத்துப் பங்களாவில் காவலுக்கு இருந்த பெரியவர், பழைய வெள்ளைக்காரத் துரை இன்னும் விடியற்காலையில் பெரட்டுக் களத்துக்கு வந்து ஆள் கணக்குப் பார்ப்பதாகச் சொல்வார். செத்தும் நேரம் தவறாத துரை அவர் ஒருவர்தான் என்றும் சேர்த்துக்கொள்வார். வரலாற்றிலேயே வேண்டுமானால் மேஜர் றொஜர்ஸ் இருக்கிறார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றவர் என்று பெயர் பெற்ற அந்த அதிகாரி, 1845ஆம் ஆண்டு அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். நுவரெலியாவில் உள்ள அவருடைய கல்லறையின்மீதும் மீண்டும் மீண்டும் இடி விழுந்தது என்று இன்றும் ஊர் பேசுகிறது. பட்டன் ஹவுஸ் மாடியில் அவருக்கு ஓர் அறை ஒதுக்கினால், மற்றவர்களுக்குச் சற்றும் சளைக்காமல் பொருந்திவிடுவார்.

மாடி ஆவிகளைப் பற்றி எனக்குக் குறையொன்றும் இல்லை. என் மனம் தங்கிவிட்டது நிலவறையில். அந்த மாளிகை எழுவதற்கு முன், கொள்ளைநோயில் செத்த கிராமத்தவர்களை மொத்தமாகப் புதைத்த குழி ஒன்று அங்கே இருந்தது. அவர்களுடைய ஆவிகள் இன்னும் நிலவறையில் கூட்டமாக நிற்கின்றன. மாடியில் இருப்பவர்களுக்கு ஆளுக்கொரு கதை, ஆளுக்கொரு துயரம், ஆளுக்கொரு அத்தியாயம். கீழே இருப்பவர்களுக்குக் கொப்புளமும் சேறும் படிந்த முகங்கள் மட்டும். தொடரை எழுதிய ஆறு பேரும் முதன்மை ஆவிகளாக நடிப்பதோடு, சக நடிகர்களுடன் சேர்ந்து அந்த நிலவறை வேடங்களையும் தாங்களே கட்டியிருக்கிறார்கள். மேலே பிரபுவாக நிற்கும் முகம்தான் கீழே சேறு பூசிக்கொண்டு நிற்கிறது. செலவைக் குறைக்கும் உத்தியாகவும் இருக்கலாம், நகைச்சுவையாகவும் இருக்கலாம். எப்படியானாலும் அந்த ஏழைகளுக்கெனத் தனி முகம்கூட இல்லாமல் போய்விட்டதே என்று எனக்குப் பட்டது.

ஆனால் அதே நிலவறையில் ஒரு நுட்பமும் இருக்கிறது. வீட்டுக்குச் சூடேற்றும் கொதிகலன் பழுதடைந்தால், அதைப் பற்றித் தெரிந்தவர்கள் அந்த நோயாளி ஆவிகள் மட்டுமே. இயந்திரம் பொருத்தப்பட்ட நாள் முதல் அதன் பக்கத்திலேயே நின்று, வந்து போன பழுதுபார்ப்பவர்களையெல்லாம் கவனித்தவர்கள் அவர்கள். மாடியில் கவிஞரும் படைத் தலைவரும் சீமாட்டியும் கதையளந்துகொண்டிருக்க, எந்தக் குழாயைத் திருக வேண்டும் என்று கீழே நிற்பவர்கள் சொல்கிறார்கள். அந்த இடத்தில் அக்கா சொன்னதை அப்படியே சொல்லிவிடுகிறேன்: "மேல இருக்குறதுகளுக்கு சுடுதண்ணி எங்கேருந்து வருதுன்னே தெரியாது பாரு." இருபத்தெட்டு வருடம் கொழுந்தெடுத்தவர் அவர். தேயிலை ஸ்டோர் என்ற தொழிற்சாலையின் சக்கரத்துக்கே ரோதைமுனி என்று ஒரு காவல் தெய்வத்தை வைத்துக் கும்பிட்ட சனத்துக்கு, இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கும் ஆவியை அடையாளம் காண்பதில் சிரமம் இருக்குமா?

இத்தொடரை அமெரிக்கர்களும் தழுவி எடுத்திருக்கிறார்கள். சீபீஎஸ் நிறுவனம் 2021ஆம் ஆண்டு ஒக்டோபரில் அதைத் தொடங்கியது. சில அத்தியாயங்கள் பார்த்தேன். ஒப்பனை பளபளப்பாக இருக்கிறது, வேகமும் அதிகம். பிரித்தானியத் தொடரின் ஈரச் சுவர் வாசனை அதில் இல்லை. அங்கே கணவன் பாத்திரம் இந்திய வம்சாவளியைச் சேர்ந்தவன் என்பதால் நம் வீட்டுப் பிள்ளையைப் பார்ப்பது போன்ற சிறு மகிழ்ச்சி உண்டு. அதைவிட என்னை நிறுத்தி வைத்தது வேறொன்று: அங்கே நிலவறையில் நிற்பவர்கள் கொலராவில் செத்தவர்கள்.

கொலரா என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. தேயிலைக்கு முன் மலையில் கோப்பி பயிரிட்ட காலத்தில் மன்னாரில் கரையிறங்கி, காட்டுப் பாதையில் மாத்தளைவரை நடந்து வந்த நம் முன்னோர்களில் பலர் கொலராவிலும் அம்மையிலும் வழியிலேயே விழுந்தார்கள். விழுந்த இடமே அவர்களுக்குக் கல்லறை. பெயர் பொறித்த கல் எதுவும் அங்கே இல்லை. 2023ஆம் ஆண்டு, நம் முன்னோர் வந்த இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்து, மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மீண்டும் நடந்தவர்களில் என் மாணவர்கள் சிலரும் இருந்தார்கள். அவர்கள் நடந்த பாதையின் இரு மருங்கும் எனக்கு அந்த நிலவறையைப் போலத்தான் தோன்றியது. ஆகவே அமெரிக்கத் தொடர் அந்தக் கூட்டத்தை வெறும் வேடிக்கையாக்கிக் கடந்தபோதெல்லாம் சற்றுக் கோபம் வந்தது. அது தொடரை எழுதியவர்களின் தவறு என்றும் முழுமையாகச் சொல்ல முடியாது, என்னுடைய பாதை அவர்களுக்கு எப்படித் தெரியும்?

தமிழில் இதை மொழிமாற்றம் செய்தால் என்ன ஆகும் என்ற கவலையும் எனக்கு உண்டு. ஒவ்வோர் ஆவியும் தான் வாழ்ந்த காலத்து ஆங்கிலத்தைப் பேசுகிறது. பாதிச் சிரிப்பு அதில்தான் இருக்கிறது. எல்லோரையும் ஒரே சென்னைத் தமிழில் பேச வைத்துவிட்டால் மிஞ்சுவது வேடம் மட்டுமே.

குறிப்பாக மேரி. சூனியக்காரி என்று எரித்துக் கொல்லப்பட்ட எழுத்தறியாத குடியானவப் பெண் அவள். மாடியில் இருப்பவர்களில் நிலவறைக்கு மிக அருகில் நிற்பவள் என்று சொல்லலாம். உயிரோடு இருப்பவர் யாராவது அவளை ஊடுருவிக் கடந்தால் அவர்கள் மூக்கில் கருகல் நாற்றம் அடிக்கும். சொற்களைத் தாறுமாறாக மாற்றிப் போட்டுப் பேசுவாள். தன் சாவைப் பற்றி நெடுநாள் வாய் திறக்கமாட்டாள். நான்காம் பருவத்தில் ஒருநாள் அவள் அந்த வீட்டைவிட்டு நிரந்தரமாகப் போய்விடுகிறாள். நூற்றாண்டுகளாக ஒரு மூலையில் இருந்தவளின் இடம் வெறுமையாகிறது; மீதியிருப்பவர்கள் ஏற்கெனவே செத்தவர்கள் என்பதையும் மறந்து நாம் துக்கம் விசாரிக்கப் போனவர்களைப் போல உட்கார்ந்திருக்கிறோம். நகைச்சுவைத் தொடர் ஒன்று அவ்வளவு அடக்கமாக ஓர் இழவைக் காட்டியதை நான் முன்பு பார்த்ததில்லை.

அன்று அக்கா வெகுநேரம் பேசவில்லை. பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன். குடித்து முடித்தவர், கடைசிப் பருவத்தை நாளைக்குப் பார்க்கலாம் என்றார். இப்போது அந்த நிலவறைக்காரர்கள் குழாயைத் திருகச் சொல்லும் இடத்தை மட்டும் இன்னொரு தடவை போடச் சொன்னார்.

நன்றி, வணக்கம்.