தூறலுக்கே டிவி போய்விடுகிறதா? மழையைத் திட்டாதீர்கள்!

[திரையில்: மொட்டை மாடி, லேசான தூறல். கீழே வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்: "போச்சு!"]

தூறல் விழுந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சீரியலில் மாமியார் வாயைத் திறக்கிறார், திறந்த வாய் திறந்தபடியே நின்றுவிடுகிறது. முகம் கட்டம் கட்டமாக உடைகிறது. அப்புறம் "சிக்னல் இல்லை" என்று ஒரு வரி. அடுத்த நொடி வீட்டில் எல்லாரும் மழையைத் திட்டுகிறோம்.

நண்பர்களே, தூறலுக்கே போகும் டிவியில் மழையின் பங்கு மிகக் குறைவு. உங்கள் டிஷ் பல மாதமாக நலிந்து கிடக்கிறது. மழை வந்து அதைக் காட்டிக்கொடுத்திருக்கிறது. அந்த நலிவு எங்கே இருக்கிறது, காசு செலவில்லாமல் அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்றுதான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம்.

முதலில் அடிப்படையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். செயற்கைக்கோள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து வரும் அலையை டிஷ் ஒரு புள்ளியில் குவிக்கிறது. டிஷ்ஷுக்கு முன்னால் ஒரு கை நீட்டி நிற்குமே, அதன் நுனியில் இருக்கும் சின்ன உருளைதான் எல்.என்.பி. அது அலையைப் பிடித்து, கேபிளில் ஓடக்கூடிய அளவுக்கு அதிர்வெண்ணைக் குறைத்து, செட்டாப் பாக்ஸுக்கு அனுப்புகிறது. அவ்வளவுதான் கதை.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். பழைய ஆன்டெனா டிவி இப்படித் திடீரென்று போகாது. சென்னையில் தூர்தர்ஷன் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. அந்தக் காலத்தில் சிக்னல் குறைந்தால் படம் புள்ளி புள்ளியாகும், ஈ மொய்ப்பது போல இருக்கும், ஆனாலும் ஆள் தெரியும், பேச்சு கேட்கும். "இப்ப தெரியுதா?" என்று மாடியிலிருந்து அண்ணன் கத்துவார். "கொஞ்சம் தெரியுது, இன்னும் லேசா திருப்பு" என்று கீழிருந்து பதில் போகும். அந்த "கொஞ்சம் தெரியுது" என்ற நிலையே இன்றைய டிவியில் கிடையாது. ஒன்று, கண்ணாடி மாதிரி படம். இல்லையென்றால் ஒன்றுமே இல்லை. ஏன்?

[திரையில்: மளிகைக் கடைத் துண்டுச் சீட்டு]

மளிகைக் கடையில் நான்கு சாமான் வாங்குகிறீர்கள். கடைக்காரர் சீட்டில் எழுதித் தருகிறார்: அரிசி 60, துவரம் பருப்பு 80, உப்பு 20, புளி 40. கீழே கோடு போட்டு, மொத்தம் 200. வீட்டுக்கு வரும் வழியில் தூறல். ஒரு சொட்டு சரியாகப் பருப்பு விலை மேல் விழுந்து மை கலைந்துவிட்டது. கவலை உண்டா? இல்லை. 200-இல் மற்ற மூன்றையும் கழித்தால் 80. எண் அழிந்துபோனது, ஆனால் தொலையவில்லை! வீட்டில் கேட்டால் தயங்காமல் எண்பது என்று சொல்வீர்கள்.

இன்னொரு சொட்டு புளி விலை மேல் விழுகிறது. இப்போது? இரண்டும் சேர்ந்து 120 என்று தெரியும். எது எவ்வளவு என்று எவராலும் சொல்ல முடியாது. ஒரு சொட்டு வரை எல்லாம் சரியாக இருந்தது, இரண்டாவது சொட்டில் கணக்கே விழுந்துவிட்டது. நடுவில் எதுவும் கிடையாது.

டிஜிட்டல் டிவி இதைத்தான் செய்கிறது. படத்தின் தகவலோடு சேர்த்து, அந்த "மொத்தம் 200" போன்ற காவல் எண்களையும் அனுப்புகிறார்கள். மூன்று பங்கு தகவலுக்கு ஒரு பங்கு காவல் என்பது பரவலாக உள்ள ஒரு கணக்கு. வழியில் சில எண்கள் அழிந்தாலும் பாக்ஸ் கழித்துப் பார்த்து நிரப்பிவிடும். நிரப்பியதே உங்களுக்குத் தெரியாது, படம் பளிச்சென்று இருக்கும். இந்தச் சாமர்த்தியத்தை நினைக்க நினைக்க எனக்கு வியப்பாக இருக்கிறது.

ஆனால் சிக்கலும் அங்கேதான். பாக்ஸ் தினமும் திணறித் திணறி நிரப்பிக்கொண்டிருக்கிறது, நீங்கள் நல்ல சிக்னல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஏற்கெனவே ஒரு சொட்டு விழுந்த சீட்டு அது. அடுத்த சொட்டு எதுவாக இருந்தாலும் போதும், தூறலே போதும்.

ஆன்டெனா வைத்திருக்கும் சிங்கப்பூர், மலேசிய நண்பர்களே, உங்களுக்கும் இதே கணக்குதான். இரண்டு நாடுகளிலும் 2019-இல் பழைய ஒளிபரப்பை நிறுத்தி, டிஜிட்டலுக்கு மாறிவிட்டார்கள். படம் உடைந்தால் முதலில் ஆன்டெனாவை ஜன்னல் ஓரத்துக்கு நகர்த்திப் பாருங்கள்.

"அந்தக் காலத்தில் மழையிலும் டிவி தெரிந்தது" என்று தாத்தா சொன்னால் நம்புங்கள், அவர் சொல்வது உண்மை. ஆன்டெனாவுக்கு வந்த அலையின் நீளம் மீட்டர் கணக்கில் இருந்தது, மழைத்துளியை அது பொருட்படுத்தாது. டிஷ்ஷுக்கு வரும் அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் சுமார், ஓர் ஐந்து ரூபாய்க் காசின் அகலம். சில மில்லிமீட்டர் துளிகள் அந்த அலையை உறிஞ்சும், சிதறடிக்கும். பழைய அலைக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாகினி தொடங்கியதும், ராமேசுவரம், தூத்துக்குடி பக்கமெல்லாம் உயரமான கம்பம் நட்டு அதைப் பார்த்தார்கள். கடல் தாண்டி வந்த படம்! உங்கள் ஊரிலும் பார்த்திருந்தால் கமெண்டில் ஊர்ப் பெயரை எழுதுங்கள், அந்தக் கதைகளைப் படிக்க எனக்குக் கொள்ளை ஆசை.

சரி, வேலைக்கு வருவோம். ரிமோட்டை எடுங்கள். மெனுவில் செட்டிங்ஸ் அல்லது சிஸ்டம் என்ற பகுதிக்குள் சிக்னல் பற்றிய பக்கம் இருக்கும். அங்கே இரண்டு பட்டைகள்: ஒன்று வலிமை, இன்னொன்று தரம். இரண்டும் வேறு வேறு. கோயில் திருவிழாவில் குழாய் ஒலிபெருக்கி காதைப் பிளக்கும், ஆனால் என்ன அறிவிக்கிறார்கள் என்று ஒரு சொல் புரியாது. அங்கே வலிமை அதிகம், தரம் பூஜ்யம். படத்தைத் தீர்மானிப்பது தரம்தான்.

வலிமையே இல்லை என்றால் கேபிளிலோ எல்.என்.பி.யிலோ கோளாறு. வலிமை இருந்து தரம் மட்டும் இல்லை என்றால், பெரும்பாலும் டிஷ் திசை மாறியிருக்கிறது. எத்தனை சதவீதம் இருந்தால் நல்லது என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஒவ்வொரு பாக்ஸும் ஒவ்வொரு விதமாகக் காட்டும், பக்கத்து வீட்டு எண்ணோடு ஒப்பிட்டுப் பயனில்லை. வானம் தெளிவாக, படம் நன்றாக இருக்கும் ஒரு நாளில் உங்கள் வீட்டு எண்களைத் துண்டுக் காகிதத்தில் எழுதி டிவிக்குப் பின்னால் ஒட்டிவையுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். தரம் இறங்கியிருந்தால் மாடியில் ஏதோ நடந்திருக்கிறது. இந்த வீடியோவில் ஒரே ஒரு காரியம் செய்வீர்கள் என்றால், தயவுசெய்து இதைச் செய்யுங்கள்.

மாடியில் என்ன நடந்திருக்கும்? அம்மா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். கடற்கரையை ஒட்டிய ஊர். ஒரு வருடமாகத் தூறலுக்கே டிவி போய்விடும். சர்வீஸுக்கு வந்தவர் முதல் தடவை எல்.என்.பி.யை மாற்றினார், பணம் வாங்கினார். இரண்டாவது தடவை பாக்ஸை மாற்றினார், அதற்கும் பணம். பத்து நாள் நன்றாக இருக்கும், மறுபடி போய்விடும். "எனக்கு ராசியே இல்லடா" என்று அம்மா டிவி பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். தீபாவளிக்குப் போனபோது நான் மாடி ஏறினேன். பாக்ஸை அணைத்துவிட்டு, எல்.என்.பி.யில் கேபிள் போய்ச் சேரும் இடத்தில் உள்ள திருகை, அதாவது கனெக்டரை, கையால் கழற்றினேன். உள்ளேயிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வந்தது! நடுவில் இருந்த செம்புக் கம்பி கறுத்து, ஓரத்தில் பச்சை பூத்திருந்தது.

கேபிளில் அரை அடி வெட்டி எறிந்தேன். உள்ளே பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்ட வேண்டும். புதிதாக முனை சீவி, ஹார்டுவேர் கடையில் வாங்கிய கனெக்டரை மாட்டினேன். அதன் விலை ஒரு டீ, வடை காசு. தரப் பட்டை கண் முன்னால் ஏறியது. அன்று ராத்திரி நல்ல மழை, அம்மா சீரியல் முழுவதும் பார்த்தார்கள். ஒரு வருடம் ஒருவர்கூட அந்தத் திருகைக் கழற்றிப் பார்க்கவில்லை என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

ஆகவே முதல் சந்தேகம் கனெக்டர் மேல்தான் வரட்டும். பாக்ஸிலிருந்து 13 அல்லது 18 வோல்ட் மின்சாரம் அதே கேபிளில் மேலே போகிறது, எல்.என்.பி. வேலை செய்வதே அதில்தான். கேபிளின் நடுக் கம்பியும் அதைச் சுற்றியிருக்கும் கம்பி வலையும் ஒன்றையொன்று தொட்டால் பாக்ஸ் கெட்டுப்போகலாம். எனவே பாக்ஸின் பிளக்கைப் பிடுங்கிய பிறகே கழற்றுங்கள். மாட்டிய பிறகு, கேபிளை எல்.என்.பி.க்குக் கீழே ஒரு வளையமாகத் தொங்கவிட்டு மேலேற்றுங்கள். தண்ணீர் அந்த வளையத்தின் அடியில் சொட்டிப் போய்விடும். மேலே தண்ணீர் புகாத டேப் இரண்டு சுற்று.

மின்னல் வெட்டும்போதும், மாடி வழுக்கும்போதும், மின்கம்பி பக்கத்தில் போகும் இடத்திலும் இந்த வேலை வேண்டாம். டிவியைவிட நீங்கள் முக்கியம்.

[திரையில்: டிஷ்ஷின் கம்பத்தில் கட்டிய கொடி, அதில் ஈரப் புடவை]

அடுத்து இதைப் பாருங்கள். எத்தனை வீடுகளில் டிஷ் கம்பத்தில் துணி காயப்போடும் கொடி கட்டியிருக்கிறது! நனைந்த புடவையும் போர்வையும் தினமும் அந்தக் கம்பத்தை இழுக்கின்றன. 60 சென்டிமீட்டர் டிஷ் ஒன்றரை டிகிரி சாய்ந்தால் சிக்னலில் பாதி போய்விடும். ஒன்றரை டிகிரி என்றால், ஒரு விளிம்பு ஒன்றரை சென்டிமீட்டர் முன்னால் வந்த அளவுதான், கண்ணுக்கே தெரியாது. ஆனால் அந்த 36,000 கிலோமீட்டர் தூரத்தில் ஒரே ஒரு டிகிரி என்பது 630 கிலோமீட்டர். சென்னைக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே நேர்கோடு போட்டால் வரும் தூரம்! இங்கே புடவை இழுத்தால் அங்கே பார்வை சென்னையிலிருந்து குமரிக்குப் போய்விடுகிறது. கொடியை இன்றைக்கே வேறு இடத்தில் கட்டுங்கள். டிஷ்ஷைக் கையால் அசைத்துப் பாருங்கள், ஆடினால் நட்டுகளை முடுக்குங்கள்.

திருப்பியே ஆக வேண்டும் என்றால், நட்டைத் தளர்த்தும் முன் இப்போதிருக்கும் இடத்தை மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கீழே ஒருவர் தரப் பட்டையை வீடியோ காலில் காட்டட்டும். ஒரு மயிரிழை திருப்புங்கள், மூன்று விநாடி பொறுங்கள். பழைய ஆன்டெனா மாதிரி உடனே காட்டாது, பாக்ஸ் கணக்குப் போட்டு முடிக்க நேரம் வேண்டும். அவசரப்பட்டுத் திருப்பினால் சரியான இடத்தைத் தாண்டிப் போனதே தெரியாது.

பக்கத்து வீட்டு மரம் மறைக்கிறது என்று சண்டைக்குப் போகும் முன் ஒரு கணக்கு. டிடி ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள், சென்னையிலிருந்து தென்கிழக்கே, அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ 68 டிகிரி உயரத்தில் இருக்கிறது. கிட்டத்தட்ட தலைக்கு மேல்! லண்டன்காரர்கள் பார்க்கும் செயற்கைக்கோள் வேறு, அது 25 டிகிரி சுமார்தான், அதனால் அங்கே டிஷ்கள் சுவரோடு நிமிர்ந்து நிற்கும். நம் ஊர் டிஷ்கள் வானத்தை அண்ணாந்து பார்ப்பதும் இதனால்தான். டிஷ்ஷைவிடப் பத்து மீட்டர் உயர்ந்த தென்னைகூட, அந்தத் திசையில் நான்கு மீட்டருக்குள் இருந்தால்தான் மறைக்கும். எதிர் வீட்டு மாடி பெரும்பாலும் குற்றவாளி ஆகாது. உங்கள் வீட்டு முருங்கைக் கிளையை முதலில் பாருங்கள்.

மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும், சில நாட்கள் மட்டும், பளீர் வெயிலில் காலை 11 மணி சுமாருக்குச் சில நிமிடம் படம் போகிறதா? சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்திருக்கிறது. எதையும் தொடாதீர்கள்.

ஒரே ஒரு சேனல் மட்டும் வரவில்லை என்றால் மாடிக்கே போக வேண்டாம். சந்தா முடிந்திருக்கும், அல்லது சேனல் இடம் மாறியிருக்கும், மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். கிட்டத்தட்ட பாதிச் சேனல்கள் ஒன்றாகப் போயிருந்தால் அது வேறு: அந்த 13, 18 வோல்ட் என்றேனே, சேனல்களின் ஒரு பிரிவுக்கு ஒன்று, மறு பிரிவுக்கு இன்னொன்று; அவற்றில் ஒன்றுக்கு எல்.என்.பி. பதில் சொல்லவில்லை. கேபிளும் கனெக்டரும் நன்றாக இருந்தும் இப்படியென்றால் எல்.என்.பி.யை மாற்றலாம்.

இவ்வளவும் சரிசெய்த பிறகும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில், எதிர் வீடு தெரியாமல் கொட்டும்போது பத்து நிமிடம் டிவி போகத்தான் செய்யும். அது மழையின் கணக்கு, விட்டுவிடுங்கள். தூறலில் போவதுதான் நம் கணக்கு.

இந்த வாரம் வெயில் அடிக்கும் ஒரு மாலையில் அந்தக் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே கம்பி என்ன நிறத்தில் இருந்தது என்று கமெண்டில் எழுதுங்கள், கறுப்பா, பச்சையா, பளபளப்பா. முன்னால், பின்னால் தரப் பட்டை எவ்வளவு என்றும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த வீடியோவில் உங்கள் எண்களை வைத்தே பேசலாம்.