முத்திரை விழுந்த பிறகு

நேயர்களுக்கு வணக்கம்.

குற்றத்தைப் பற்றிய சமூகவியலில் முத்திரை குத்தல் கோட்பாடு என்று ஒன்று உண்டு. ஒருவனைத் திருடன் திருடன் என்றே சொன்னால் கடைசியில் திருடனாகிவிடுவான் என்று அதைச் சுருக்கிவிடுகிறார்கள். அது பாதிதான். முத்திரை யார் மேல் விழுகிறது, விழுந்த பிறகு மற்றவர்கள் அவனை எப்படி நடத்துகிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

அமெரிக்கச் சமூகவியலாளர் வில்லியம் சாம்பிளிஸ், ஒரே பள்ளியில் படித்த இரண்டு பையன்கள் கூட்டத்தை இரண்டு ஆண்டுகள் கவனித்து 1973இல் எழுதினார். வசதியான வீட்டுப் பிள்ளைகள் 8 பேர், வசதி குறைந்தவர்கள் 6 பேர். பள்ளிக்கு மட்டம் போடுவது, குடிப்பது, எதையாவது உடைப்பது எல்லாம் இரு பக்கமும் இருந்தது. ஆனால் அந்த எட்டுப் பேரில் ஒருவர்கூடக் கைதாகவில்லை. அவர்களிடம் கார் இருந்தது. ஊர் கண்ணில் படாத இடத்தில் சேட்டை செய்தார்கள். போலீஸ் நிறுத்தினால் பவ்யமாகப் பேசினார்கள். மற்றவர்களுக்குத் தெருமுனைதான் இடம், முறைப்புதான் பதில். ஊர் அவர்களை ரவுடிகள் என்றது. பின்னாளில் எட்டுப் பேரில் ஏழு பேர் கல்லூரிக்குப் போனார்கள். ஆறு பேரில் இருவர் கொலைக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். ஆனால் அதே ஆறு பேரில் வேறு இருவர் விளையாட்டு உதவித்தொகையில் படித்துப் பட்டம் வாங்கினார்கள். இதைச் சொல்லாமல் விட்டால் கோட்பாடு ஜோசியமாகிவிடும்.

முதல் தவறு ஏன் நடக்கிறது என்று இது விளக்கவில்லையே என்பார்கள். உண்மைதான். அதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், முத்திரைக்குப் பிறகு வரும் தவறு வேறு வகை என்று சமூகவியலாளர் எட்வின் லெமர்ட் 1951லேயே பிரித்துக் காட்டினார்.

முத்திரைக்குப் பிறகான அந்த இரண்டாம் கட்டத்தை எண்ணிக்கையாகவே காட்டியவர் சமூகவியலாளர் தேவா பேஜர். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஒரே மாதிரித் தகுதிகளோடு இளைஞர்களை வேலை கேட்க அனுப்பினார். சிலர் சிறை சென்றதாகச் சொல்ல வேண்டும். யாருமே உண்மையில் சிறை சென்றவர் அல்ல. 2003இல் முடிவு வெளியானது. வழக்கு இல்லாத வெள்ளையரில் 34 சதவீதம் பேருக்கு மறு அழைப்பு வந்தது. வழக்கு இருப்பதாகச் சொன்ன வெள்ளையருக்கு 17. கறுப்பினத்தவருக்கோ வழக்கு இருந்தால் 5, இல்லாவிட்டால் 14. அதாவது, எந்த வழக்கும் இல்லாத கறுப்பு இளைஞரைவிடச் சிறை சென்றதாகச் சொன்ன வெள்ளையருக்கு வாய்ப்பு அதிகம்.

சரி, வேலை விண்ணப்பத்தில் வழக்கு உண்டா என்ற கேள்வியையே எடுத்துவிட்டால்? ஹவாய் மாநிலம் 1998இலேயே தொடக்கத்தில் கேட்கத் தடை போட்டது. பிறகு பல மாநிலங்கள் அந்த வழியில் வந்தன. நியூ ஜெர்சியிலும் நியூயார்க்கிலும் பின்னர் சோதித்துப் பார்த்தபோது, கேள்வி போனதும் கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் வரும் அழைப்புகளின் இடைவெளி இன்னும் அகன்றிருந்தது. தாளில் பார்க்க முடியாத வழக்கை, இனத்தைக் காட்டிக்கொடுக்கும் பெயரை வைத்து முதலாளிகள் ஊகித்திருக்கிறார்கள்.