சந்தேகங்களுக்கு விளக்கம்: காட்னிஸ் பீட்டாவை உண்மையிலேயே காதலித்தாளா?

வணக்கம். அரசே காதலுக்குச் சட்டம் போடும் நாவல்களைப் பற்றிச் சென்ற உரையில் பேசியபோது, சூசன் காலின்ஸ் எழுதிய ‘தி ஹங்கர் கேம்ஸ்’ தொடருக்குப் போதிய நேரம் ஒதுக்க முடியவில்லை. அதைக் கவனித்த நேயர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: “மூன்று பாகங்களையும் வாசித்து முடித்துவிட்டேன். காட்னிஸ் பீட்டாவை உண்மையிலேயே காதலித்தாளா, அல்லது உயிர் பிழைப்பதற்காக நடித்தாளா? நடிப்புதான் என்றால், கடைசியில் அவனோடு வாழ்வது எப்படிப் பொருந்தும்? அவளுடைய வேட்டைத் தோழன் கேலைத் தேர்ந்தெடுத்திருக்கலாமே?” படித்ததும் எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. பலரும் யார் பக்கம் என்று கட்சி பிரிந்து வாதாடுவதோடு நின்றுவிடும் இடத்தில், இவர் நடிப்புக்கும் உண்மைக்கும் நடுவே உள்ள கோட்டைத் தேடியிருக்கிறார்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காட்னிஸ் பீட்டாவைக் காதலித்தாள். ஆனால் எந்த நாளிலிருந்து என்பது அவளுக்கே தெரியாது, தெரிந்துகொள்ள முடியாதபடி செய்தது கேப்பிட்டல். வாசிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகக் கதையைச் சொல்ல வேண்டும். வட அமெரிக்கா இருந்த இடத்தில் பனெம் என்ற நாடு இருக்கிறது. கேப்பிட்டல் என்ற தலைநகரம் 12 மாவட்டங்களை அடக்கி ஆள்கிறது. ஆண்டுதோறும் ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் 12 முதல் 18 வயதுக்குட்பட்ட ஒரு சிறுவனையும் ஒரு சிறுமியையும் குலுக்கலில் எடுத்து, அந்த 24 பேரையும் ஒருவர் மட்டும் மிஞ்சும்வரை ஒருவரையொருவர் கொல்ல வைத்து, அதைத் தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள். தங்கை ப்ரிமின் பெயர் குலுக்கலில் வந்ததும் அவளுக்குப் பதிலாகத் தானே போகிறாள் காட்னிஸ். உடன் போகிறவன் ரொட்டிக்கடைக்காரரின் மகன் பீட்டா. போட்டிக்கு முந்தைய நேர்காணலில், நாடே பார்த்துக்கொண்டிருக்கும்போது, தான் அவளை நெடுநாளாகக் காதலிப்பதாக அவன் சொல்லிவிடுகிறான். அந்தக் கணம் முதல் அவர்கள் காதல் அவர்களுடையதாக இருக்கவில்லை.

முதல் பாகத்தின் குகை அத்தியாயங்களை நேயர் மீண்டும் ஒருமுறை, நிதானமாக வாசிக்க வேண்டும். காலில் வாள் வெட்டுப்பட்டுக் காய்ச்சலில் கிடக்கும் பீட்டாவுக்குக் காட்னிஸ் முத்தம் கொடுக்கிறாள். சிறிது நேரத்தில் வானிலிருந்து சிறிய பாராசூட் ஒன்று இறங்குகிறது. அதில் ஒரு பாத்திரம் சூடான சூப். அனுப்பியவர் வழிகாட்டியான ஹேமிட்ச். அதன் பொருள் அவளுக்கு உடனே புரிகிறது: ஒரு முத்தத்துக்கு ஒரு பாத்திரம் சூப், இன்னும் வேண்டுமானால் இன்னும் நன்றாகக் காதலித்துக் காட்ட வேண்டும். சில பக்கங்கள் தள்ளி, அவள் நெற்றியில் காயத்தோடு இருக்கும்போது, இன்னொரு முத்தம் தன்னுள் ஏதோ கிளர்வதை அவளுக்கு முதன்முறையாக உணர்த்துகிறது. அதற்குள் காயத்திலிருந்து இரத்தம் கசிந்து அந்தக் கணம் கலைந்துவிடுகிறது. பிறகு மனத்திலிருந்து வந்ததைப் போன்ற ஒரு வார்த்தையை அவள் சொல்லி, மீண்டும் ஒரு முத்தமும் நிகழ்ந்ததும், வெளியே மறுபடியும் சத்தம் கேட்கிறது. ஆட்டிறைச்சிக் குழம்பும் சோறும் ரொட்டியும் ஆப்பிளும் வந்திறங்குகின்றன. உண்மையான உணர்ச்சிக்கும் கூலி கொடுக்கப்பட்டுவிட்டது. இனி அந்த உணர்ச்சியைப் பசியிலிருந்து பிரித்துப் பார்க்க அவளுக்கு என்ன வழி இருக்கிறது?

எங்கள் வாசிப்புக் கூட்டத்தில் ஒரு கல்லூரி மாணவி இந்தப் பகுதியைப் பற்றிப் பேசும்போது, தான் முத்தங்களை எண்ணவில்லை, சாப்பாட்டைத்தான் எண்ணினேன் என்றார். அன்று அதைக் கேட்டுச் சிலர் சிரித்தார்கள். நான் அதை அந்த நாவலுக்குக் கிடைத்த மிகக் கூர்மையான வாசிப்பாகவே எடுத்துக்கொண்டேன். பீட்டாவுக்கும் அவளுக்கும் உள்ள உறவே ரொட்டியில் தொடங்கியதுதான். தந்தை சுரங்க விபத்தில் இறந்து, வீட்டில் பட்டினி கிடந்த காலத்தில், கொட்டும் மழையில் அவளைப் பார்த்த பீட்டா, தாயிடம் அடி வாங்கிக்கொண்டு, கருகிய ரொட்டிகளை அவள் பக்கம் எறிந்தான். அங்கே கேமரா இல்லை, பார்வையாளர் இல்லை, பதிலுக்கு எதுவும் கேட்கப்படவில்லை. ரொட்டிக்கும் சூப்புக்கும் உள்ள அந்த வேறுபாட்டில்தான் நேயரின் முதல் கேள்விக்கான விடை இருக்கிறது.

கதை முழுவதையும் காட்னிஸே, நிகழ்ந்துகொண்டிருக்கும் காலத்தில் சொல்கிறாள் என்பதையும் கவனியுங்கள். பிற்காலத்தில் உட்கார்ந்து, அப்போதே எனக்குத் தெரிந்திருந்தது என்று சொல்லும் வசதி அவளுக்கு இல்லை. முதல் பாகத்தின் முடிவில், ஒருவர் மட்டுமே மிஞ்சலாம் என்ற விதிக்குப் பணியாமல், அவளும் பீட்டாவும் நச்சுப் பழங்களைத் தின்னத் துணிந்து, அதனால் இருவருமே பிழைக்கிறார்கள். இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில் அதிபர் ஸ்னோ அவள் வீட்டுக்கே வந்து, மாவட்டங்களில் கிளர்ச்சி மூளாமல் இருக்க வேண்டுமானால் நீ செய்தது காதல் வெறியில் செய்ததுதான் என்று எல்லோரையும் நம்பவை என்கிறார். முதலில் என்னை நம்பவை என்றும் சொல்கிறார். அதன்பின் ஊர் ஊராகக் காதலைக் காட்டிக்கொண்டு செல்லும் அவள், மேடையில் பீட்டா மணம் பேசும் நிலைவரை போகிறாள். ஸ்னோ இலேசாகத் தலையசைத்து மறுத்துவிடுகிறார். ஒரு பெண்ணின் காதல் போதுமான அளவு உண்மையாக இருக்கிறதா என்று நாட்டின் அதிபர் மதிப்பெண் போடும் அந்தக் காட்சியைப் போல என்னை அச்சுறுத்திய காட்சி, இந்தத் தொடரின் போர்க்களப் பகுதிகளில்கூட இல்லை.

நம் பழைய நேயர்களுக்கு நான் அடுத்து என்ன சொல்லப்போகிறேன் என்பது தெரியும். இருந்தாலும் மறுபடியும் சொல்கிறேன். இத்தகைய நாவலை வாசிக்கும்போது, கதாநாயகி யாரைத் தேர்ந்தெடுக்கிறாள் என்பதை விட, அதிகாரம் எந்த வழியாகக் காதலுக்குள் நுழைகிறது என்பதைப் பாருங்கள். இது புதிய விஷயம் அன்று. 1924-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த யெவ்கேனி ஸம்யாத்தினின் ‘நாங்கள்’ நாவலில் எல்லோரும் கண்ணாடி வீடுகளில் வசிக்கிறார்கள். திரையை இறக்கிக்கொள்ள வேண்டுமானால் இளஞ்சிவப்புச் சீட்டு ஒன்றை அரசிடம் பெற வேண்டும். 1949-இல் வந்த ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ நாவலில், நாயகன் வின்ஸ்டனை முழுமையாக உடைப்பதற்கு அரசு கண்டுபிடித்த வழி, அவன் வாயாலேயே காதலி ஜூலியாவைக் காட்டிக்கொடுக்க வைப்பது. சீட்டாகவும் சித்திரவதையாகவும் நுழைந்த அதே அதிகாரம், காட்னிஸின் குகைக்குள் சூப்பாக இறங்குகிறது. இளைஞர்களுக்கான நூல் என்பதால் காலின்ஸை இந்த வரிசையில் சேர்க்கத் தயங்குகிறவர்களோடு நான் உடன்படவில்லை.

ஹங்கர் கேம்ஸ் 2008-இல் வந்து பெரும் வெற்றி பெற்ற பிறகு இதே அச்சில் ஏராளமான தொடர்கள் வந்தன. அவற்றுள் 2010-இல் வந்த ஆலி காண்டியின் ‘மேட்ச்ட்’ நாவலை நான் விரும்பிப் பரிந்துரைக்கிறேன். அங்கே யாருக்கு யார் துணை என்பதை அரசுதான் கணக்கிட்டுத் தருகிறது. காசியாவுக்கு அவளுடைய பால்ய நண்பன் ஸாண்டர் துணையாக அறிவிக்கப்படுகிறான். ஆனால் அவளுக்குத் தரப்பட்ட தகவல் அட்டையைப் பொருத்திப் பார்க்கும்போது ஒரு கணம் கை என்ற வேறொருவனின் முகம் தெரிகிறது. எனக்கு அந்த நாவலில் மிகவும் பிடித்த இடம் முத்தக் காட்சி எதுவும் அன்று. கையால் எழுதத் தெரியாதவர்களாக மக்கள் ஆக்கப்பட்டிருக்கும் அந்த நாட்டில், மலையேற்றத்தின்போது ஒரு குச்சியை எடுத்து மண்ணில் எழுத்துகளை எழுதக் கற்றுக்கொடுக்கிறான் கை. நூறு கவிதைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்துவிட்ட அரசுக்கு எதிராக, தன் பெயரைத் தானே எழுதத் தெரிந்த ஒரு பெண் உருவாகிறாள். பின்னர் ஓர் அதிகாரி, உங்கள் இருவரின் நெருக்கமும் எங்கள் பரிசோதனையின் ஒரு பகுதிதான் என்று சொல்லும்போது, காட்னிஸின் துன்பத்தையே காசியாவும் அடைகிறாள்: நான் உணர்வது என்னுடையதுதானா?

கீரா காஸின் ‘தி செலக்‌ஷன்’ 2012-இல் வந்தது. இதைப் பற்றி எனக்கு மனவருத்தம் உண்டு, ஏனென்றால் தொடக்கம் அவ்வளவு நன்றாக இருக்கிறது. எட்டுச் சாதிகளாக எண் போட்டுப் பிரித்த நாட்டில், அமெரிக்கா என்ற பெயருடைய ஐந்தாம் சாதிப் பெண், ஆறாம் சாதி ஆஸ்பெனைக் காதலிக்கிறாள். பெண் மணந்தால் கணவனின் சாதிக்குப் போய்விடுவாள். அவள் தன்னால் பட்டினி கிடக்கக் கூடாது என்று அவன் விலகுகிறான். இளவரசன் மாக்ஸனுக்குப் பெண் தேடி 35 பெண்களை அரண்மனையில் கூட்டும்போது, எனக்கு உங்கள் மேல் காதல் இல்லை, ஆனால் இங்கே நல்ல சாப்பாடு கிடைக்கிறது, இருந்துகொள்கிறேன் என்ற பொருள்பட அவள் இளவரசனிடமே சொல்கிறாள். பசியும் காதலும் மீண்டும் நேருக்கு நேர் நிற்கின்றன. ஆனால் அதன்பின் ஆடைகளும் பொறாமைகளும் இருவரில் யார் என்ற தத்தளிப்பும் பக்கங்களை எடுத்துக்கொள்கின்றன. பின்னாளில் மாக்ஸனின் ஆட்சியில் சாதிகள் கலைக்கப்படுவது ஒரு நல்ல அரசனின் கொடையாக வந்து சேர்கிறது. சாதி எப்படி ஒரு வீட்டுச் சமையலறை வரை வந்து உட்காரும் என்பதை அறிந்த நம் ஊர் வாசகருக்கு, அது இவ்வளவு எளிதாகக் கரைந்துபோவதை ஏற்க மனம் வராது.

இப்போது வாசகர் கூட்டம் மாய உலகக் காதல் கதைகளின் பக்கம் நகர்ந்திருக்கிறது. 2015-இல் தொடங்கிய சாரா ஜே. மாஸின் ‘எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோஸஸ்’ தொடரையும், 2023-இல் வந்த ரெபெக்கா யாரோஸின் ‘ஃபோர்த் விங்’ நாவலையும் பற்றிப் பலரும் கேட்கிறீர்கள். மாஸின் தொடரில் நாயகி ஃபேராவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. உயிரைப் பணயம் வைக்கும் ஒரு சோதனையில் சுவரில் எழுதியிருப்பது புரியாமல் அவள் தவிக்கிறாள். இரண்டாம் பாகத்தில் அவளை நேசிப்பதாகச் சொல்லும் டாம்லின் பாதுகாப்பு என்ற பெயரில் அவளை மாளிகைக்குள் பூட்டி வைக்கிறான். வேறோர் அரசவையின் தலைவனான ரைசாண்ட் அவளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்கிறான். பூட்டுகிறவன், கற்பிக்கிறவன் என்ற இந்த எதிர்நிலை நேர்மையானது. இதற்காகவே அந்த இரண்டாம் பாகத்தை நான் மதிக்கிறேன்.

ஆனால் அந்த உலகில் இருவருக்கு இடையே விதிக்கப்பட்ட துணைப் பிணைப்பு என்று ஒன்று இருக்கிறது. ‘ஃபோர்த் விங்’ நாவலிலோ, வயலெட்டின் டிராகனும் ஸேடனின் டிராகனும் இணை என்பதால், அவற்றின் மேல் ஏறுகிறவர்களும் பிரிந்து வெகுநாள் இருக்க முடியாது. மேட்ச்ட் நாவலில் அரசின் திரை ஒருவனைக் காட்டினால் அதைக் கொடுமை என்கிறோம். மாய உலகில் விதியோ டிராகனோ காட்டினால் காதல் என்று மகிழ்கிறோம். இது ஏன் என்று என்னிடம் யாராவது கேட்க மாட்டார்களா என்று நெடுநாளாகக் காத்திருக்கிறேன். மாஸுக்கு இந்தக் கேள்வி தெரியாமல் இல்லை. ரைசாண்டின் பெற்றோரும் அவ்வாறு விதிக்கப்பட்ட இணைதான், ஆனாலும் அவர்கள் ஒருவருக்கொருவர் பொருந்தவில்லை என்று அவனே சொல்கிறான். பிணைப்பு இருப்பதை அவன் தன்னிடம் மறைத்தான் என்று தெரிந்ததும் ஃபேரா கோபித்துக்கொண்டு விலகிப் போகிறாள். அந்தக் கோபம் இன்னும் நூறு பக்கங்கள் நீடித்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

கேலைப் பற்றிய கேள்வி மீதமிருக்கிறது. கேல் தோற்றது பீட்டாவிடம் அன்று. மூன்றாம் பாகத்தில், கேப்பிட்டலுக்கு எதிரான போரின்போது, அவன் கிளர்ச்சியாளர்களின் ஆயுத வல்லுநரான பீட்டியோடு சேர்ந்து ஒரு குண்டுப் பொறியை வடிவமைக்கிறான்: முதலில் ஒன்று வெடிக்கும், காயமடைந்தவர்களைக் காப்பாற்ற ஆட்கள் ஓடி வந்ததும் இரண்டாவது வெடிக்கும். கேப்பிட்டலில் அதே முறையில் குழந்தைகள் நடுவே குண்டுகள் வெடிக்கின்றன. காப்பாற்ற ஓடிய ப்ரிம் இரண்டாவது வெடிப்பில் சாகிறாள். அது தான் வடிவமைத்த குண்டுதானா என்பது கேலுக்குத் தெரியவில்லை. இனி ஒருபோதும் தெரியப்போவதும் இல்லை. தங்கைக்காகக் களத்துக்குப் போன ஒருத்தி அதன்பின் அவன் முகத்தை எப்படிப் பார்ப்பாள்? பீட்டாவின் நினைவுகளையோ கேப்பிட்டல் நஞ்சேற்றித் திரித்துவிட்டது. அவன் தன் ஒவ்வொரு நினைவையும் உண்மையா, இல்லையா என்று அவளிடம் கேட்டுக் கேட்டுச் சரிபார்க்கிறான். அவளுக்கு முதல் பாகத்திலிருந்தே இருந்த ஐயம் இப்போது அவனுடையதும் ஆகிவிட்டது. கேமரா இல்லாத ஓர் இரவில் அவன் காதலைப் பற்றி அதே கேள்வியைக் கேட்டு அவள் உண்மை என்று சொல்வதை, நான் முழுமையாக நம்புகிறேன். அங்கே அந்தப் பதிலுக்கு யாரும் எதுவும் கொடுக்கப்போவதில்லை.

நேயர் அடுத்து வாசிக்க வேண்டியது 2020-இல் காலின்ஸ் எழுதிய முன்கதை, ‘தி பாலட் ஆஃப் ஸாங்பேர்ட்ஸ் அண்ட் ஸ்னேக்ஸ்’. 18 வயது ஸ்னோ, பத்தாவது போட்டியில் 12-ஆம் மாவட்டத்துப் பாடகி லூசி கிரேவுக்கு வழிகாட்டியாகிறான், காதலிக்கிறான், அவளைப் பிழைக்க வைக்க விதிகளை மீறவும் செய்கிறான். ஆனால் அவன் மனத்துக்குள் அவள் எப்போதும் அவனுடைய பொருள். இருவரும் தப்பிப் போகும் வழியில், தன் குற்றத்துக்குச் சாட்சியாக இனி அவள் ஒருத்திதான் மிச்சம் என்று உணர்ந்ததும், காட்டுக்குள் அவளைத் தேடித் துப்பாக்கியால் சுடுகிறான். அதை முடித்த கையோடு, இரண்டாம் பாகத்தில் ஸ்னோ காட்னிஸின் வீட்டுக்கு வரும் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போங்கள். காதலை நிரூபித்துக் காட்டு என்று அவளிடம் கேட்கிற அந்த முதியவருக்கு, 12-ஆம் மாவட்டத்துப் பெண் ஒருத்தியின் காதல் எப்படி இருக்கும் என்பது முன்பே தெரியும்.