தலைகீழா மாட்டினா தெரியுமா?

நடுவர் அவர்களே, மேடைக்கும் அவைக்கும் வணக்கம். எட்டு நிமிஷம்தான் கொடுத்திருக்கீங்க, வணக்கத்துக்கு இவ்வளவு போதும்.

இன்னைக்குப் பட்டிமன்றத் தலைப்பு, ‘ஆண்டுதோறும் நடக்கும் மாணவர் ஓவியக் கண்காட்சியின் வரலாறு பரிசு பெற்ற படங்களிலா, மாட்டிய எல்லாப் படங்களிலுமா?’ நாங்க எல்லாப் படங்களின் கட்சி. எதிரணியின் முதல் பேச்சாளர் அமெரிக்காவுக்குப் போயிட்டு வந்தார். 1923-ல் தொடங்கின ஸ்கொலாஸ்டிக் மாணவர் விருதைச் சொன்னார். பள்ளிக்கூட நாளிலேயே அதில் பரிசு வாங்கி, பின்னாடி பெரிய ஓவியரான ஆண்டி வார்ஹோலைச் சொன்னார். உண்மைதான், ஒத்துக்கிறேன். பரிசு வாங்கினவங்க எல்லாரும் வார்ஹோல் ஆகலைங்கறதையும் ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். அவர் மென்மையானவர், விட்டுடறேன்.

எதிரணித் தலைவரை விட முடியாது. அவர் வாதம் வைக்கலை, வெடி வச்சார். “எல்லாப் படத்தையும் மாட்டுறதுக்குப் பேர் கண்காட்சி இல்லை, கொடியில துணி காயப்போடுறது. அதுல நாலைத் தலைகீழா மாட்டினாக்கூட பெத்தவங்களுக்கே தெரியாது!” அவை சிரிச்சுது. நானும் சிரிச்சேன். நடுவர் கொஞ்சம் கூடவே சிரிச்சீங்க, அதையும் குறிச்சு வச்சிருக்கேன்.

தலைகீழ்னு வாயெடுத்துட்டீங்க இல்ல? வாங்க, நியூயார்க் போவோம். 1961, அக்டோபர் 18. நவீனக் கலை அருங்காட்சியகம். பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மத்தீஸ் கடைசிக் காலத்தில் வண்ணத் தாளை வெட்டி ஒட்டிச் செஞ்ச படைப்புகளுக்கு ஒரு கண்காட்சி. அதில் ஒண்ணுக்குப் பேர் ‘படகு’. பாய்மரப் படகு ஒண்ணு, கீழே தண்ணியில் அதோட பிம்பம். சங்கதி ரெண்டே ரெண்டு. படகு மேலே, பிம்பம் கீழே. மாட்டினவங்க பிம்பத்தை மேலேயும் படகைக் கீழேயும் மாட்டிட்டாங்க.

யாரு மாட்டினது? ஏழாம் வகுப்புப் பசங்களா? இல்லீங்க. அதையே தொழிலா வச்சிருக்கிறவங்க!

முதல் நாள் கூட்டம் வந்துது, பார்த்துது, ‘ஆகா’ன்னுது, போச்சு. ரெண்டாம் நாளும் அதே ‘ஆகா’. ஒரு வாரம் ஆச்சு. ஒரு மாசம் ஆச்சு. படகு தண்ணிக்கு அடியிலேயே ஓடிக்கிட்டிருக்கு! கலை தெரிஞ்சவங்க வந்தாங்க, தெரிஞ்ச மாதிரி நின்னவங்களும் வந்தாங்க. ஏறத்தாழ 1,16,000 பேர் பார்த்திருக்காங்க. அதில் ஒருத்தர் பியேர் மத்தீஸ். யாரு அவர்? மத்தீஸோட சொந்த மகன். என்ன தொழில்? ஓவிய வியாபாரம்! அப்பா செஞ்ச படம், மகன் கண்ணு, தொழிலும் அதுவே. அவருக்கும் தெரியலை.

தலைவர் அவர்களே, ‘பெத்தவங்களுக்கே தெரியாது’ன்னீங்க. இங்கே பெத்த பிள்ளைக்கே தெரியலையே!

கடைசியில் யார் கண்டுபிடிச்சாங்க தெரியுமா? பங்குத் தரகு வேலை பார்த்த ஒரு அம்மா. கண்காட்சிக் கையேட்டில் அச்சான படத்தையும் சுவரையும் மாத்தி மாத்திப் பார்த்தாங்க. காவலாளிகிட்ட சொன்னாங்க, நடக்கலை. பத்திரிகைக்குச் சொன்னாங்க, நடந்துது. 47 நாள் கழிச்சு, டிசம்பர் 4-ம் தேதி, படகு தண்ணிக்கு மேலே வந்துது. பங்கு ஏறுதா இறங்குதான்னு பார்த்தே பழகின கண்ணு. மேல் எது, கீழ் எதுன்னு அந்தக் கண்ணுக்குத்தான் தெரிஞ்சிருக்கு!

ஆக, இது பிள்ளைங்க படத்துக்கு மட்டும் வர்ற வியாதி இல்லை. மருந்து ரொம்ப மலிவு. படத்தை வாங்குற மேஜையிலேயே, வரைஞ்ச பிள்ளை கையாலேயே, பின்பக்கம் மேல் நோக்கி ஒரு அம்புக்குறி. 2பி பென்சிலால் லேசா போடணும். பால்பாயிண்ட் பேனாவை அழுத்தினா முன்பக்கம் புடைச்சுக்கும், ஸ்கெட்ச் பேனான்னா மை ஊறி முன்னாடி வந்து எட்டிப் பார்க்கும். அம்புக்குறி பக்கத்தில் வரிசை எண், பெயர், வயசு, வகுப்பு, தலைப்பு, ஆண்டு. அதே எண் பதிவேட்டிலும், முன்பக்கம் ஒட்டுற சீட்டிலும். மூணு இடத்தில் ஒரே எண். முன்பக்கச் சீட்டை மட்டும் நம்பினா என்ன ஆகும்? மின்விசிறிக் காத்துக்குச் சீட்டு விழும். பெருக்க வந்தவர் நல்ல மனசோட எடுத்துப் பக்கத்துப் படத்தில் ஒட்டுவார். யானைப் படத்துக்குக் கீழே ‘என் அம்மா’ன்னு இருக்கும்!

சிரிக்கிறீங்க. ஆனா நடுவர் அவர்களே, அந்தப் பதிவேடுதான் கண்காட்சியோட வரலாறு. எந்த வருஷம், எந்த வயசுப் பிள்ளை, எதைப் பார்த்து, எதால வரைஞ்சுதுன்னு அதில்தான் இருக்கு. பரிசுப் பட்டியலைப் புரட்டினா பிரிவுக்கு மூணு பெயர். அது தேர்வுக் குழுவோட ருசியின் வரலாறு.

இன்னொண்ணு சொல்றேன், எதிரணிக்கு வலிக்கும். பரிசுப் படம்தான் முதல்ல சாகும். ஏன்னா அதுக்குத்தான் கண்ணாடிச் சட்டம் போடுறோம். நடுவில் இடைவெளி அட்டை வைக்காம கண்ணாடியை நேரா படத்து மேலேயே அழுத்துறோம். ஈரம் ஏறும் மாசத்தில் போஸ்டர் வண்ணம் கண்ணாடியோட ஒட்டிக்கும். பிரிச்சா பாதிப் படம் கண்ணாடியில்தான் வரும். நாலு விளிம்பிலும் இருபக்க டேப் போட்டு ஒட்டுறோம். ஈரத்தில் தாள் விரியும், விரிய வழியில்லாம நெளியும். பசை பழுப்பாகி ஊறும். மேல் விளிம்பில் மட்டும் ரெண்டு காகிதத் துண்டைக் கீல் மாதிரி ஒட்டியிருந்தா தாள் தானே மூச்சு விட்டுக்கும். இதெல்லாம் முடிச்சு, பெருமையா ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டுறோம். அருங்காட்சியகத்தில் வெளிச்சத்துக்குத் தாங்காத தாள் படைப்புகளை 50 லக்ஸ், அதாவது மங்கலான வெளிச்சத்தில், அதுவும் சில மாசம்தான் காட்டுவாங்க. நாம வெயிலைக் காட்டுறோம், வருஷக்கணக்கா! ஸ்கெட்ச் பேனாச் சாயம் வெளுத்துப்போய், சட்டத்தில் தங்குறது வெள்ளைத் தாளும் ‘முதல் பரிசு’ங்கற எழுத்தும்.

பரிசு வாங்காத படம்? பெட்டிக்குள்ளே தட்டையா, இருட்டில், நடுநடுவே பட்டர் பேப்பரோட சுகமா தூங்குது. கிரேயான் படத்துக்கு அந்தத் தாள் கட்டாயம், இல்லைன்னா ஒண்ணோட மெழுகு இன்னொண்ணு முதுகில். இருபது வருஷம் கழிச்சுத் திறந்தாலும் நிறம் இருக்கும்.

துணி காயப்போடுறதுக்கும் கணக்கு சொல்லிடறேன். 8 அடிக்கு 4 அடிப் பலகையை நெடுக்க நிறுத்துங்க. அகலம் 122 செ.மீ. ஏ3 தாள் நெட்டுவாக்கில் 30, மூணு படம் 90, இடைவெளி நாலும் எட்டெட்டு 32. முடிஞ்சுது. உயரத்தில் 60-லிருந்து 200 வரைக்கும்தான் மாட்டணும், அதுக்கு மேலே போனா சின்னப் பிள்ளை தன் படத்தையே பார்க்க முடியாது. மூணு வரிசை 126, இடைவெளி 14. பக்கத்துக்கு 9, ரெண்டு பக்கமும் 18. 240 படத்துக்கு 14 பலகை. ரெண்டு ரெண்டா கீல் போட்டு மடக்கி நிறுத்தணும், ஒத்தையா நின்னா விழும். அவ்வளவுதான். ‘இடமில்லை’ங்கறது பலகை எண்ணாதவங்க பேச்சு.

1917-ல் லண்டனில் கலை விமர்சகர் ராஜர் ஃப்ரை பிள்ளைங்க படங்களுக்குன்னே ஒரு கண்காட்சி வச்சார். இங்கிலாந்தின் டட்லி ஊர்ப் பள்ளி ஆசிரியை மேரியன் ரிச்சர்ட்சன் தன் மாணவிகள் படங்களைக் கையோட கொண்டுபோய்க் காட்டினாங்க. பார்த்தவர் அதையும் காட்சியில் சேர்த்துக்கிட்டார். ஒரே ஒரு மேதையை அந்த அம்மா தூக்கிக்கிட்டுப் போகலை, வகுப்போட வேலையைக் கொண்டுபோனாங்க.

மணி அடிச்சாச்சா? ஒரு நிமிஷம் கொடுங்க, நடுவர் அவர்களே. கணக்கை விட்டுடறேன்.

ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ்னு ஒரு ஓவியர். 1942 டிசம்பரில் நாஜிகள் அவங்களைத் தெரேசின் முகாமுக்கு அனுப்பினாங்க. கையில் எடுத்துக்க அனுமதி 50 கிலோ. அந்த மூட்டையில் அவங்க தாளும் வண்ணமும் வச்சுக்கிட்டாங்க. அடைபட்ட பிள்ளைகளைச் சேர்த்து வரைய வச்சாங்க. நல்ல தாள் கிடைக்காதப்போ எழுதிக் கழிச்ச தாளோட பின்பக்கம். வரைஞ்ச படத்தில் பெயர் எழுதச் சொன்னாங்க. ஆளுக்கு ஒரு எண் கொடுத்த இடத்தில், பெயர்! 1944 அக்டோபரில் அவங்களை ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்பினாங்க. திரும்பி வரலை. ஆனா ரெண்டு பெட்டியில் ஏறத்தாழ 4,500 படங்கள் பிழைச்சுது. போர் முடிஞ்சு பிராக் நகரத்துக்கு வந்துது. வரைஞ்ச பிள்ளைகளில் பெரும்பாலானவங்க வரலை. அம்மா முகம் வரைஞ்ச பிள்ளையும் இல்லை, அந்த அம்மாவும் இல்லை. தாளும் பெயரும் இருக்கு, பிராக் யூத அருங்காட்சியகத்தில்.

‘சிறந்ததா ஒரு அம்பது போதும், மிச்சம் எதுக்கு’ன்னு ஃப்ரீடல் அம்மா கழிச்சுக் கட்டியிருந்தா?

தலைவர் அவர்களே, பரிசு கொடுங்க, வேண்டாங்கலை. அந்த 4,500-ல் எந்த மூணுக்குக் கொடுப்பீங்கன்னு மட்டும் இந்த ஒலிபெருக்கி முன்னாடி வந்து சொல்லுங்க. நீங்க சொல்லி முடிச்சதும் நடுவர் தீர்ப்பு சொல்லட்டும். வணக்கம்.