அப்போ அதுதான் சொந்த ஊர்!

நடுவர் அவர்களுக்கும் பெங்களூரு அல்சூர்ப் பெருமக்களுக்கும் வணக்கம். மணியடிக்க ஆள் தயாராக இருக்கிறார், நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

மின்சார விஞ்ஞானி நிக்கோலா டெஸ்லா பிறந்த மண்ணுக்குச் சொந்தமா, வாழ்ந்த மண்ணுக்குச் சொந்தமா? நான் வாழ்ந்த மண் அணி. எதிரணி அம்மா போகிற போக்கில் ஒன்று போட்டுவிட்டுப் போனார்: "நியூயார்க்கில் அந்த மனுஷன் சொந்த வீடா கட்டினார்? ஹோட்டல் ஹோட்டலாகத் தங்கினார், பில் பாக்கி வைத்தார், 1943-இல் 3327-ஆம் நம்பர் அறையிலேயே இறந்துபோனார். லாட்ஜ் எப்படி ஐயா சொந்த ஊர் ஆகும்?"

கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். தட்டிவிட்டுத்தான் சுற்றிப் பார்த்தேன். அம்மா, இந்த அரங்கில் பாதிப் பேர் வாடகை வீடு! பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, காலண்டர் மாட்ட ஆணி அடிக்கவும் ஓனரிடம் கேட்கிறவர்கள். இவர்களெல்லாம் லாட்ஜில் தங்க வந்தவர்களா?

சொந்த ஊர் என்றால் என்னவென்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் மாமனார். பெண் பார்க்க வேலூர் போயிருந்தோம். கேசரி வந்தது, மிக்சர் வந்தது, பெண் மட்டும் வரவில்லை. அவர் கேட்டார்: "தம்பிக்கு எந்த ஊர்?"

"பெங்களூரு" என்றார் அப்பா.

"அது இருக்கட்டும். சொந்த ஊர்?"

"கோலார் தங்கவயல்."

"அதுவும் இருக்கட்டும். சொந்த ஊர்?"

அப்பா கேசரியைக் கீழே வைத்துவிட்டார். "எங்கப்பா குடியாத்தம் பக்கம்."

"அங்கே யாரு இருக்காங்க?"

"யாரும் இல்லீங்க."

"வீடு, நிலம்?"

"ஒண்ணும் இல்லீங்க."

"அப்போ அதுதான் சொந்த ஊர்! அம்மா, பொண்ணைக் கூப்பிடு!"

நல்ல வேளை, டெஸ்லா கல்யாணமே செய்துகொள்ளவில்லை. என் மாமனாரிடம் மாட்டியிருந்தால் என்ன ஆகியிருப்பார்? "தம்பி எந்த ஊர்?" "ஸ்மில்யான்." 1856-இல் அது ஆஸ்திரியப் பேரரசு, இன்றைக்குக் குரோஷியா. "சரி, உங்க ஆளுங்க?" செர்பியர்கள், அப்பா ஆர்த்தடாக்ஸ் பாதிரியார். கேசரி ஆறிவிடும் ஐயா! செர்பியா அவரை 100 தினார் நோட்டில் வைத்திருக்கிறது. குரோஷியா யூரோவுக்கு மாறியபோது 10, 20, 50 சென்ட் காசுகளில் போட்டுவிட்டது. செர்பிய மத்திய வங்கி முன்கூட்டியே ஆட்சேபித்தும் 2023-இல் காசு வந்துவிட்டது. நோட்டு ஒருத்தருக்கு, சில்லறை ஒருத்தருக்கு!

அவருடைய அஸ்தி எங்கே இருக்கிறது தெரியுமா? பெல்கிரேடில். வாழ்நாளில் அந்த ஊருக்கு அவர் போனது ஒரே ஒரு தடவை, 1892-இல். அங்கே அவருக்கு யாரு இருந்தாங்க? (மாமனார் முன்வரிசையில்தான் இருக்கிறார், அவரே சொல்லட்டும்.) அப்போ அதுதான் சொந்த ஊர்!

1884-இல் நியூயார்க்கில் இறங்கியவர், 1891-இல் குடியுரிமை வாங்கியவர், ஏறக்குறைய அறுபது வருஷம் இருந்தவர். அது மட்டும் லாட்ஜாம்.

அவர் வளர்த்தெடுத்த ஏ.சி. கரண்ட், அதாவது திசை மாறி மாறி ஓடுகிற மின்சாரம், என் வீட்டுக்கும் வந்தது. 1902-இல் சிவனசமுத்திரத்தில் காவிரித் தண்ணீரில் எடுத்த மின்சாரம், 140 கிலோமீட்டருக்கு மேல் கம்பியில் ஓடித் தங்கவயல் சுரங்கத்துக்குப் போனது. ஒரே திசையில் ஓடுகிற எடிசனின் டி.சி. கரண்டை நம்பியிருந்தால் பாதி வழி கூட வந்திருக்காது. அந்தச் சுரங்கத்தில்தான் என் தாத்தா இறங்கினார், பிறகு என் அப்பா. ஐந்து வயதில் குடியாத்தத்திலிருந்து தோளில் தூக்கிவந்த பிள்ளை அவர். 2001-இல் சுரங்கத்தை மூடினார்கள், பெங்களூரு வந்துவிட்டோம்.

போன வருஷம் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது. எங்கேயாவது போகணுமாப்பா என்று கேட்டேன். குடியாத்தம் என்று சொல்லவில்லை. "சாம்பியன் ரீப் லைன் வீட்டைக் கொஞ்சம் பார்த்துட்டு வரலாமா?" என்றார்.

தங்கவயலில் நாங்கள் இருந்த சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பு அது. போனோம். பழைய வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். அப்பா உள்ளே போகவில்லை. வாசல் சுவரில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அந்த வீட்டம்மா வெளியே வந்து, "யாருங்க, என்ன வேணும்?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லம்மா" என்றார் அப்பா. "கரண்ட் இருக்கான்னு பார்க்க வந்தேன்."