வாழைக்கு வைத்த விஷம்: குளோர்டெக்கோன் பற்றி ஒரு பேச்சு

நண்பர்களே, வணக்கம். ஆர்கனோகுளோரின், அதாவது கார்பனோடு குளோரின் சேர்ந்த பூச்சிக்கொல்லி என்றதும் எல்லோருக்கும் டிடிடிதான் ஞாபகம் வரும். அதே குடும்பத்தைச் சேர்ந்த, நம்மில் பலர் பெயர்கூடக் கேட்டிராத குளோர்டெக்கோனைப் பற்றி இன்றைக்குப் பேசப்போகிறேன். இடம், கரீபியன் கடலில் பிரான்சின் கீழ் இருக்கும் குவாதலூப், மார்த்தினிக் தீவுகள். 1850களிலிருந்து புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கரும்புத் தோட்டக் கூலிகளாய்க் கப்பலேறிய நம் ஆட்களின் வம்சாவளியினர் இன்றும் அங்கே வாழ்கிறார்கள், அதனால் இது ஏதோ தூரதேசத்துச் சங்கதி என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

முதலில் அமெரிக்காவுக்குப் போய்விட்டு வருவோம். வர்ஜீனியாவில் ஹோப்வெல் என்ற ஊரில், முன்பு பெட்ரோல் பங்காக இருந்த ஒரு கட்டடத்தில் இந்த மருந்தைத் தயாரித்தார்கள். அங்கே அதன் பெயர் கெபோன். வேலையாட்களுக்குக் கை நடுங்கியது, கண்கள் ஓரிடத்தில் நிலைக்காமல் துடித்தன, விந்தணு குறைந்தது. 1975ல் ஆலையை மூடினார்கள். கழிவு ஜேம்ஸ் ஆற்றில் இறங்கி மீன்களுக்குள் போய்விட்டதால் மீன்பிடித் தடை பத்தாண்டுக்கு மேல் நீடித்தது. அதாவது இந்த மருந்து மனிதனையும் ஆற்றையும் என்ன செய்யும் என்பது 1975லேயே உலகத்துக்குத் தெரியும்!

சரி, தீவுகளுக்கு வருவோம். வாழைக் கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டை ஒழிக்க 1972ல் அங்கே இதற்கு அனுமதி கிடைத்தது. பொடியை வாழையின் அடியில் கையால் தூவ வேண்டும். 1974ல் மார்த்தினிக் வாழைத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, இந்த மருந்தை நிறுத்துங்கள் என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று, பதிலுக்குக் கிடைத்தது துப்பாக்கிச்சூடு. படித்த நிபுணர்களுக்குப் புரிவதற்கு முன்பே, பொடியைத் தூவிய கைகளுக்கு விஷயம் புரிந்திருக்கிறது. அப்புறம் அமெரிக்க உற்பத்தியே நின்றுபோன பிறகும், 1981ல் கர்லோன் என்ற புதுப் பெயரில் பிரெஞ்சு அரசு மறுபடி அனுமதி கொடுத்தது. 1990ல் அனுமதியை ரத்து செய்தார்கள், ஆனால் தீவுகளில் மட்டும் 1993 வரை பயன்படுத்தலாம் என்று விட்டுவைத்தார்கள். இதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

இந்த மூலக்கூறில் கார்பன் கூண்டு ஒன்றைச் சுற்றிப் பத்து குளோரின் அணுக்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மண்ணில் உள்ள நுண்ணுயிர்களால் அதை எளிதில் உடைக்க முடியாது. எரிமலை மண்ணின் மட்கோடு சேர்ந்துகொண்டு, சில இடங்களில் நூற்றாண்டுக் கணக்கில் தங்கும் என்று கணிக்கிறார்கள். இதில் கொடுமை என்னவென்றால், எந்த வாழைக்காக இதைப் போட்டார்களோ அந்த வாழைப்பழத்தில் விஷம் கிட்டத்தட்ட இல்லை, ஏனென்றால் வேரிலிருந்து தார் வரைக்கும் அது ஏறுவதில்லை. ஏற்றுமதியாகும் பழம் சுத்தம். வீட்டுக் கொல்லையில் விளையும் சேம்பு, வள்ளிக்கிழங்கு, மண்ணைக் கிளறும் கோழியின் முட்டை, ஓடையில் பிடிக்கும் இறால், அதாவது அந்த ஊர் ஏழை சாப்பிடுவது எல்லாவற்றிலும் விஷம். வயது வந்தவர்களில் 90 சதவீதத்துக்கும் மேலானோரின் ரத்தத்தில் இது இருக்கிறது. தோட்டத்தில் இதைக் கையாண்டவர்களுக்கு வரும் புராஸ்டேட் புற்றுநோயைத் தொழில்சார் நோயாக ஏற்க 2021 கடைசி வரை ஆனது. இது தொடர்பாகப் பிரான்சில் நடந்த குற்ற வழக்கில் 2023ல் நீதிபதிகள், இது ஒரு சுகாதார ஊழல்தான், ஆனால் இத்தனை வருடத்துக்குப் பிறகு குற்றத்தை நிரூபிப்பது கடினம் என்று சொல்லி, யாரையும் விசாரணைக் கூண்டில் ஏற்றாமலே வழக்கை முடித்தார்கள்.

உடம்பிலிருந்து இது போகுமா என்று கேட்கிறீர்கள். போகும். டிடிடி கொழுப்பில் போய் உட்காரும், இது பெரும்பாலும் ஈரலில் சேரும். புதிதாக உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டால் ஐந்தாறு மாதத்தில் ரத்தத்தில் உள்ள அளவு பாதியாகிவிடும். மாடுகளைக்கூட சுத்தமான மேய்ச்சல் நிலத்துக்கு மாற்றிக் கட்டினால் சில மாதங்களில் தேறிவிடுகின்றன. கொல்லை மண்ணை அரசு செலவில் பரிசோதித்துத் தருகிறார்கள், விஷம் இருக்கும் மண் என்றால் அங்கே விளைந்த கிழங்கை வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் சாப்பிடாதீர்கள் என்கிறார்கள். கிழங்கே தினசரிச் சாப்பாடாக இருக்கும் வீட்டில், மீதி ஐந்து நாளைக்குக் கடையில் வாங்கும் செலவை யார் தருவது?