வட்ஸ்அப் கோல் அடிக்காத போன்: பூட்டு எங்க கிடக்கு?

வணக்கம் உறவுகளே. வன்னிப் பக்கம் கனபேர் சொல்லுற குறை இது. கனடாவில இருந்து மகள் வட்ஸ்அப்பில எடுக்கிறா, இஞ்ச போன் அடிக்கேல்லை. பிறகு போனைத் திறந்தால் மிஸ்ட் கோல் எல்லாம் ஒண்டாக் கொட்டுது. உடனே டவரைத்தான் திட்டுவினம். கவரேஜ் கம்பி நிறைய நிக்கேக்கையும் இப்பிடி நடக்குதெண்டால் பிழை போனுக்குள்ள.

பற்றரியை மிச்சம் பிடிக்கப் போய் வாற வினை இது. 2015இல வந்த அன்ட்ரொயிட் 6இல ‘டோஸ்’ எண்டு ஒண்டு வந்தது. சார்ஜரில இல்லாமல், திரை அணைஞ்சு, அசையாமல் கிடக்கிற போனில அப்புகள் நெற் எடுக்கிறதை அது நிப்பாட்டும். ஆனால் கோல் மாதிரி அவசர அறிவித்தலுக்கு அதில வழி விட்டிருக்கு. அதுக்கு மேல போன் செய்யிற கொம்பனியள் தாங்களும் ஒரு பூட்டுப் போடுகினம் பாருங்கோ, அதுதான் தலையிடி.

இப்ப செற்றிங்ஸ், அப்ஸ், வட்ஸ்அப், பற்றரி எண்டு போங்கோ. அன்ட்ரொயிட் 12இல இருந்து கன போனில மூண்டு தெரிவு இருக்கும். ‘அன்ரிஸ்ட்ரிக்டட்’ எண்டதை அமத்துங்கோ. எல்லா அப்புக்கும் இப்பிடிச் செய்யாதேங்கோ, பின்னேரத்துக்கு முதல் சார்ஜ் முடிஞ்சிடும். கோல் வாற அப் ஒண்டு ரெண்டுக்குக் காணும்.

சம்சுங் எண்டால் இன்னொரு இடமும் இருக்கு. பற்றரிக்குள்ள ‘பக்கிரவுண்ட் யூசேஜ் லிமிட்ஸ்’. அதுக்குள்ள நித்திரைக்குப் போகாத அப்புகளின்ர பட்டியலில வட்ஸ்அப்பைச் சேருங்கோ. ரெட்மியில ‘ஓட்டோஸ்டார்ட்’டை ஒன் பண்ணி, பற்றரி சேவரில ‘நோ ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்’ குடுங்கோ. ரெட்மியில சிலநேரம் மணி அடிக்கும், திரை மட்டும் எழும்பாது. அதுக்கு ‘அதர் பெர்மிஷன்ஸ்’க்குள்ள ‘ஷோ ஒன் லொக் ஸ்கிரீன்’ எண்டதைத் திறந்து விடவேணும். ஒரு கோல் அடிக்க மூண்டு கதவு! தூங்க வைக்கிறதுக்கு முதல் ஒருக்கா எங்களிட்டக் கேட்டால் என்ன குறைஞ்சிடும்?

டேட்டா கார்ட்டை எண்ணிப் பாவிக்கிற ஆக்கள் ‘டேட்டா சேவர்’ போட்டிருப்பினம். அதுவும் பின்னால ஓடுற அப்பின்ர டேட்டாவை மறிக்கும். அதை ஓஃப் பண்ணத் தேவையில்லை. அதுக்குள்ளயே வட்ஸ்அப்புக்கு மட்டும் விலக்குக் குடுக்கலாம்.

2022இல வந்த அன்ட்ரொயிட் 13இல இருந்து புது அப் அறிவித்தல் போடவும் உங்களிட்ட அனுமதி கேக்கவேணும். அவசரத்தில வேண்டாமெண்டு அமத்தியிருந்தால் மேல சொன்னது ஒண்டும் பலிக்காது. நோட்டிஃபிகேஷன்ஸ் பக்கத்தில பாத்து ஒன் பண்ணுங்கோ.

பாவிச்சு முடிச்ச அப்புகளை மேல தள்ளித் தள்ளி மூடுற பழக்கம் இருக்கெல்லோ, அதையும் விடுங்கோ. சில போனில அப்பிடித் தள்ளினால் அப் முழுசாச் செத்துப்போகும், நீங்களாத் திறக்கிற வரைக்கும் அறிவித்தல் வராது.

எல்லாம் செய்தாப் பிறகு சோதிக்கேக்க சார்ஜரைக் கழட்டுங்கோ. சார்ஜில கிடந்தால் டோஸ் வேலை செய்யாது, சரிவந்திட்டுதெண்டு ஏமாந்து போவியள். லொக் பண்ணி மேசையில வைச்சு ஒரு மணித்தியாலம் தொடாமல் விட்டிட்டு, பக்கத்து வீட்டாக்களை எடுக்கச் சொல்லுங்கோ. வைபையில ஒருக்கா, சிம் டேட்டாவில ஒருக்கா.